பீச்சுல நாய்: அவுத்து விடறதா, நீளக் கயிறா? என் ஓட்டு கயித்துக்கு

சென்னை பெசன்ட் நகர் பீச்சுல காலைல ஆறு மணிக்குப் போனா ரெண்டு கட்சியையும் பாத்துடலாம். "பயப்படாதீங்க அங்கிள், அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், நீங்க ஓடுனா தான் பின்னாடி வருவான்"னு தூரத்துல இருந்து கத்தறது ஒரு கட்சி. "அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல புடிச்சு கட்டும்மா"னு பாதி நடையில அப்படியே நிக்கறது இன்னொரு கட்சி. நானும் நாய் வச்சிருக்கற ஆளு தான், ஆனா இந்த சண்டையில அங்கிள் பக்கம்.

எங்க வீட்டுல இருக்கறது சிப்பிப்பாறை கலப்பு. ஒல்லி உடம்பு, நீளக் கால், வேட்டை ரத்தம். தூரத்துல ஒரு பூனை வாலை ஆட்டுச்சுன்னா போதும், அப்புறம் நான் பேர் சொல்லி கூப்பிடறது அதுக்குக் கேக்கவே கேக்காது. ஆனா ஓடாம இருக்கவும் முடியாது, ஒரு நாள் ஓட விடலேன்னா சோபா காலி. அதனால இருக்கற வழி எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்து தான் நீளக் கயித்துக்கு வந்தேன், அதாவது ஒரு நுனி நாய் மேல, இன்னொரு நுனி என் கையில இருக்கற எட்டு மீட்டர் கயிறு.

சாதா ஆறடி லீஷ் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ரோட்டுக்கு அது தான் சரி, வேற பேச்சே கிடையாது. பீச்சுல மட்டும் அது பத்தாது, நாய்க்கு நம்ம நடை ரொம்ப மெதுவு, மோந்து பாக்கறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிடறோம்.

பட்டனை அமுக்குனா உள்ள சுருண்டுக்கற லீஷ் இருக்கே, அதை பீச்சுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. மணல் உள்ள போச்சுன்னா லாக் சரியா பிடிக்காது, மெல்லிசு கயிறா இருக்கும், விரல்ல உரசுனா கிழிச்சு விட்டுடும். இதை விட மோசம், கைப்பிடி நழுவி கீழ விழுந்தா அந்த பிளாஸ்டிக் டப்பா தடதடன்னு நாய் பின்னாடியே துரத்திட்டுப் போகும், அது பயந்து இன்னும் வேகமா ஓடும். காசு கட்டி உள்ள போற வேலி போட்ட டாக் பார்க் நல்ல ஐடியா தான், ஆனா நான் அதிகம் போனதில்ல, எங்க வீட்டுல இருந்து தினம் போற தூரமும் இல்ல, அதனால அதைப் பத்தி அடிச்சுப் பேச மாட்டேன்.

இப்ப அவுத்து விடற விஷயம். நியாயமா பேசணும்னா, ஈர மணல்ல ஒரு நாய் முழு வேகத்துல ஓடறதைப் பாக்கறது அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஃபிளாட்டுல அடைஞ்சு கிடக்கற நாய்க்கு அந்த பத்து நிமிஷம் தேவையும் கூட. நல்லா பழக்குன நாய்களும் இருக்கு, ஒரு விசில் குடுத்தா அலையில இருந்து திரும்பி வர்ற லாப்ரடாரை நானே பாத்திருக்கேன். ஆனா யூடியூப்ல இதைச் சொல்லித் தர்றவங்க பாதிப் பேர் தெருநாயே இல்லாத ஊர்க்காரங்க. அவங்க பார்க்குல எதிர்ல வர்றது இன்னொரு வீட்டு நாய். நம்ம பீச்சுல குப்பத்து ஓரம் ஒரு கூட்டம், சுண்டல் கடை பக்கம் ஒரு கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் தனி ஏரியா. வீட்டு நாய் வாலை ஆட்டிக்கிட்டு அந்த ஏரியாவுக்குள்ள போகும், நாலு நாய் எந்திரிக்கும், இது உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓனரைப் பாத்து ஓடி வரும், பின்னாடியே அந்த நாலும் வரும், நடுவுல வாக்கிங் வந்த யாரோ ஒருத்தர். அந்த நேரத்துல விசில் எல்லாம் எடுபடாது.

இது எல்லாத்தையும் ஒதுக்கி வச்சாலும் எனக்கு முடிவைத் தீர்மானிச்சது ஒரே விஷயம் தான். தப்பு நடந்தா அது யார் தலையில விழுதுங்கறது. நான் வச்சிருக்கற கயித்துல தப்பு நடந்தா என் உள்ளங்கை தோல் உரியும், இல்ல நான் மணல்ல குப்புற விழுவேன், அவ்வளவு தான். அவுத்து விட்ட நாயால தப்பு நடந்தா அடி படறது சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர். கடிக்கக் கூட வேணாம், விளையாட்டா தாவி பல்லு பட்டு தோல் லேசா கீறிச்சுன்னா போதும், ரேபிஸ் ஊசி போட்டே ஆகணும்னு தான் டாக்டர் சொல்வார். முதல்ல காயத்தை சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் ஊசி. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசம் தான், ஆனா முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு நாலு தடவை போகணும். ரத்தம் வந்திருந்தா காயத்துலயே இம்யூனோகுளோபுலின்னு ஒரு எதிர்ப்பு மருந்து வேற போடணும். வேலைக்குப் போறவர் நாலு நாள் லீவு சொல்லிட்டு க்யூவுல நிக்கணும், சின்னக் குழந்தைன்னா கேக்கவே வேணாம். "எங்க நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு ஓனர் சொல்வார், நிஜமாவும் இருக்கலாம், ஆனா வந்தா பொழைக்கறதே அபூர்வம்ங்கற ஒரு வியாதியில, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வாய்வார்த்தையை நம்பி யார் ஊசியை விடுவாங்க? என் நாயோட பத்து நிமிஷ சந்தோஷத்துக்கு அடுத்தவர் நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு அலையறது எந்தக் கணக்குல வரும்னு எனக்குப் புரியல.

எங்க நாத்தனார் சிங்கப்பூர்ல இருக்காங்க. அங்க 1953ல இருந்து ரேபிஸே கிடையாது, பீஷான் பார்க்குல வேலி போட்டு நாய் ஓட தனி இடமும் விட்டிருக்காங்க. அந்த வேலியைத் தாண்டி வெளிய வந்தா அங்கயும் லீஷ் கட்டாயம். இவ்வளவு வசதி இருக்கற ஊரே கயிறு போடுன்னு சொல்லுது.

சட்டம் பக்கம் ரொம்ப போகல. 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் மாநகராட்சி பார்க்குல ரெண்டு ராட்வீலர் சேந்து அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் தான் மாநகராட்சி லைசென்ஸ், லீஷ்னு இறுக்க ஆரம்பிச்சது. நாயை அஜாக்கிரதையா விட்டு ஆளுக்கு ஆபத்துன்னா பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு இருக்கு, 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்.

நாய்க்கே கூட அவுத்து விடறது நல்லதில்ல, அதுவும் நம்ம கடற்கரையில. வலையில இருந்து கழிச்சுப் போட்ட மீன் மணல்ல கிடக்கும், அதுல பலூன் மாதிரி உப்பிக்கிட்டு ஒரு பேத்தை மீன் இருக்கும், விஷம், நாய் வாயில கவ்வறதுக்குள்ள இழுக்கணும். கெளுத்தி முள்ளு வாயில குத்திக்கிச்சுன்னா அது வேற கதை. அப்புறம் ஆமை. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை கரையேறி முட்டை போடற சீசன், ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் பசங்க ராத்திரி பூரா நடந்து முட்டையைத் தேடி எடுத்து பத்திரப்படுத்தறாங்க, அவங்க கண்ணுக்குத் தப்புன குழியை மோந்து தோண்டறது தெருநாய் மட்டும் இல்ல.

நீளக் கயிறு வாங்கறவங்களுக்கு. எட்டு மீட்டர் போதும், அதுக்கு மேல போனா சமாளிக்க முடியாது. பெட் ஷாப்ல தான் வாங்கணும்னு இல்ல, ஹார்ட்வேர் கடையில நல்ல கயிறா வாங்கி பித்தளை கொக்கி மாட்டுனா வேலை முடிஞ்சது, இரும்பு கொக்கி கடல் காத்துல சீக்கிரமே துரு பிடிச்சு திறக்காது. நூல் கயிறு கைக்கு இதம், ஆனா உப்புத் தண்ணி குடிச்சு கனக்கும், நாறும். நைலான் சீக்கிரம் காயும், கையைத் தான் அறுக்கும், நான் பைக் ஓட்டற கிளவுஸ் போட்டுக்கறேன். பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பயோதேன்னு ஒண்ணு வருது, விலை ஜாஸ்தி, வச்சிருக்கறவங்க நல்லா சொல்றாங்க.

கழுத்துப் பட்டையில மட்டும் இந்தக் கயித்தை மாட்டவே மாட்டாதீங்க. வேகமா ஓடி கயிறு முடியற இடத்துல வெடுக்குன்னு நின்னா கழுத்து போயிடும், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓடற ஜாதிக்கு இன்னும் ஆபத்து. ஹார்னஸ், அதாவது நெஞ்சைச் சுத்தி மாட்டற பட்டை, அதைப் போட்டு முதுகுப் பக்கம் மாட்டுங்க. கயித்தைக் கையில சுத்திக்காதீங்க, தரையில விட்டு காலால மிதிச்சா நல்ல பிரேக். ஆள் எதிர்ல வந்தா சுருட்டி ஆறடிக்குள்ள கொண்டு வந்துடணும், இல்லேன்னா அவங்க கால்ல சிக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டே போகாதீங்க.

ராட்வீலர், கிரேட் டேன் வச்சிருக்கறவங்களுக்கு இது சரிப்படுமான்னா, எனக்கு அந்த அனுபவம் இல்ல. எங்க வீட்டு ஒல்லி நாய் இழுக்கறதுக்கே தோள்பட்டை ஒரு பக்கம் வலிக்குது, 45 கிலோ நாய் எட்டு மீட்டர் ஓடி வந்து இழுத்தா ஆள் கூடவே போவோம்னு தான் தோணுது. அவங்க ஆறடியிலயே வச்சுக்கிட்டு ரெண்டு ரவுண்டு சேத்து நடக்கட்டும்.