நான்கு வருஷம், ஒரு கவாத்துக் கத்தரி, ஆறு குண்டுமல்லிச் செடிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு குண்டுமல்லிச் செடிகள் தொட்டியில் நிற்கின்றன. 2021-ல் வைத்தவை. முதல் வருஷம் ஒல்லி ஒல்லியாக மேலே ஓடின. உச்சியில் நாலு மொட்டு, அடியில் வெறும் குச்சி. தெருவில் பூ விற்கும் அக்கா மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "வெட்ட மனசு வரலைன்னா மல்லி வைக்காதீங்க தம்பி" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கும். நுனியை எடுத்துவிட்டால் அவை விழித்துக்கொள்ளும். மல்லிக்குப் புதுத் துளிரின் நுனியில்தான் பூ. ஆக, நுனி பெருகினால் பூ பெருகும்.

முதலில் சமையலறைக் கத்தரியால்தான் வெட்டினேன். தண்டு நசுங்கி, வெட்டுவாயிலிருந்து இரண்டு கணு வரை கறுத்துக் காய்ந்துபோனது. அப்புறம்தான் 600 ரூபாய்க்கு, செடிகளின் கிளை வெட்டுவதற்கென்றே இருக்கும் கவாத்துக் கத்தரி வாங்கினேன். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் வகை. ஓர் அலகு தட்டையான கட்டைமேல் அழுந்தும் வகையும் கடையில் இருக்கும். காய்ந்த கிளைக்கு அது சரி, பச்சைத் தண்டுக்கு வேண்டாம்.

நவம்பர் கடைசி வாரம் தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரு வெட்டு. பத்துப் பன்னிரண்டு நாளில், எதிரெதிராக இலை இருந்த இடத்தில் அரிசி நுனியளவு இரண்டு பச்சை முளை தெரியும். ஒரு தண்டு இரண்டாகிற அந்த இடத்தைத் தினமும் போய்ப் பார்ப்பேன்.

துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் வெளிப்பக்கமாக வளைத்து, தொட்டி விளிம்பில் சணலால் தளர்வாகக் கட்டுகிறேன். படுத்த தண்டில் கணுவுக்குக் கணு துளிர் எழும், நடுவிலும் வெயில் இறங்கும். காலையில் தண்டு நீர்முறுக்கோடு இருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும், சாயங்காலம்தான் வசதி. ஒருமுறை கம்பியால் கட்டினேன். பட்டைக்குள் பதிந்து அந்தக் கிளையே போயிற்று.

2024-ல் நான்கு செடிகளை வெட்டிவிட்டு, மொட்டு இருக்கிறதே என்று இரண்டை விட்டுவைத்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. விட்ட இரண்டும் அடியோடு பிளந்துவிட்டன. வெட்டிய நான்கும் குட்டையாக இருந்ததால் காற்றுக்குத் தப்பின. ஆனால் ஒன்றில் மழை ஊறி வெட்டுவாய்கள் கறுத்தன. மழை விட்டதும் இன்னும் ஒரு கணு கீழே வெட்டவேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் தொடர்ந்து மூன்று நாள் வெயில் இருக்குமா என்று வானிலை பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுகிறேன்.

கத்தரிக்கு எதிரி உப்புக்காற்று. துடைக்காமல் வைத்தால் ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளி விழும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பதால் அலகு இன்னும் நன்றாக இருக்கிறது. தீட்டும்போது சரிவான பக்கத்தை மட்டும் தீட்டவேண்டும். மறுபக்கத்தைத் தேய்த்தால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து தண்டு கடிபடும். மூன்றாம் வருஷம் ஸ்பிரிங் உடைந்தது. வாங்கிய இடத்தில் தனியாகக் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரு சைக்கிள் கடையில் அளவு பார்த்து வேறொன்று போட்டுக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் நல்ல நாளில் ஒன்றரை ஆழாக்கு மொட்டு பறித்தோம். அம்மா தொடுத்தது போக எதிர்வீட்டுக்கும் கொடுத்தோம். அடுத்த கத்தரியும் இதே வகைதான் வாங்குவேன், ஸ்பிரிங் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு.