முயலா, ஆந்தையா? நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு புதையல் வேட்டை

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து மண்ணையோ பிரான்ஸ் மண்ணையோ தோண்ட முடியாது. நிஜமாகவே எங்கோ புதைத்த பொருளுக்குப் படத்திலும் புதிரிலும் துப்பு ஒளித்து வைக்கும் புதையல் புத்தகம் என்றால் எங்களுக்கு முழுக்க நாற்காலி வேலைதான். ஆனால் ஒரு வசதி உண்டு. பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதி, செய்தித்தாளைப் பிரெஞ்சில் படித்து, கடைத்தெருவில் கிரியோல் பேசி, கோவிலில் தமிழில் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் நேரடியாகவே படிக்கலாம்.

ஆங்கிலத்தில் 1979இல் வந்தது கிட் வில்லியம்ஸின் ‘மாஸ்கரேட்’. புதையல் ஒரு தங்க முயல். பிரெஞ்சில் 1993இல் வந்தது தங்க ஆந்தையைத் தேடும் புத்தகம். புதிர்கள் மாக்ஸ் வாலன்டின் என்ற புனைபெயரில் எழுதியவருடையவை, படங்கள் மிஷேல் பெக்கருடையவை. முயல் 1982இலேயே கிடைத்துவிட்டது. ஆந்தை 2024 அக்டோபர் வரை, 31 வருடம் காக்க வைத்தது. அதனால் ஆந்தைதான் உசத்தி என்று என் அண்ணன் அடித்துச் சொல்வார். எனக்கு உடன்பாடில்லை. கடினமாக இருப்பது ஒன்று, நன்றாகக் கட்டியிருப்பது வேறு.

முயலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஓவியத்தைச் சுற்றியும் எழுத்துகளால் ஆன சட்டம் ஒன்று ஓடும். படத்தில் இருக்கும் உருவத்தின் கண்ணிலிருந்து அதே பக்கத்துக் கையின் மிக நீண்ட விரல் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது சட்டத்தில் ஓர் எழுத்தில் போய் முட்டும். அப்புறம் கண்ணிலிருந்து கால்விரல் வழியாக இன்னொரு கோடு. மனிதர் மட்டுமல்ல, விலங்குகளுக்கும் இதே கணக்குதான். என் மகளின் பள்ளி ஸ்கேலை வைத்து நானே இழுத்துப் பார்த்தேன். மெல்லிய பென்சில் இல்லாவிட்டால் பக்கத்து எழுத்தில் போய் நிற்கும். முதல் மாலை முழுக்க எனக்கு அதுதான் நடந்தது.

இப்படி ஒவ்வொரு படமும் ஒரு சொல்லையோ சிறு தொடரையோ தரும். எல்லாம் சேர்ந்தால், கேத்தரினின் நீண்ட விரல் நிழல் விழுத்தும் மண்ணில் மஞ்சள் தாயத்து புதைந்திருக்கிறது, சம இரவு நாளின் நண்பகலில் பார் என்ற பொருள் வருகிறது. அழகு அதற்கு அப்புறம்தான். 15 படங்களின் முதல் எழுத்துகளை மட்டும் கோத்தால் ‘குளோஸ் பை ஆம்ப்ட்ஹில்’, அதாவது ஆம்ப்ட்ஹில் அருகே என்று வருகிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினுக்கு அந்த ஊர்ப் பூங்காவில் ஒரு சிலுவை நிற்கிறது. அந்தச் சிலுவைதான் அந்த ‘விரல்’, அதன் நிழலின் நுனி விழும் இடமே புதையல். பின்னிக்கிடக்கும் பாம்புப் படத்துக்குள் எழுதும் நாகபந்தப் பாட்டில் பாம்பின் உடலோடு எழுத்தைப் படித்துக்கொண்டே போனால், பின்னல் கூடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொருந்துமே, அதே மாதிரி. பொருந்திவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நிழலை நான் முதலில் தெற்கே போட்டுவிட்டேன். மார்ச் மாத நண்பகலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிழல் தெற்கே, குட்டையாகத்தான் விழும். இங்கிலாந்தில் அது வடக்கே, சிலுவையின் உயரத்தை விட நீளமாக விழும்.

ஆந்தை வேறு ஜாதி. 11 புதிர்கள், அவையும் வரிசை கலைத்து. தலைப்பில் 530, 780, 470 என்று எண்கள். அவை ஒளியின் அலைநீளங்கள் என்று புரியவே நாளாகும். தனித்தனியாகப் பார்த்தால் சில புதிர்கள் அருமை. 530இல் ஒரு சொல்விளையாட்டு வரும்: முதல் வயதின் பாதியின் முதல் பாதி எது? பிரெஞ்சில் குழந்தைக்கு ‘பெபே’. நாலு எழுத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் ‘பி’. நித்தியத்தின் இரு ஓரங்களிலும் ஒளிந்திருப்பது ‘இ’, ஏனென்றால் அந்தப் பிரெஞ்சுச் சொல் அதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. நிமிர்ந்து நஞ்சு கக்குவது பாம்பு வடிவிலுள்ள ‘எஸ்’. மற்ற எழுத்துகளையும் கூட்டினால் பூர்ஜ் என்ற ஊர். நம் விடுகதைக்குப் பழகியவர்களுக்கு இது அல்வா.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பிரான்ஸின் வரைபடத்தை விரித்துக் கோடு போட வேண்டும். ஒவ்வொரு புதிரிலும் மிஞ்சும் துணுக்குகளைச் சேர்த்தால் மறைந்திருக்கும் பன்னிரண்டாவது புதிர் வேறு கிடைக்கும். எது மிச்சம், எது வெறும் அலங்காரம் என்று புத்தகம் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் தேடியவர்கள் மினிடெல் (இணையத்துக்கு முன் பிரான்ஸில் இருந்த, தொலைபேசி வழி இயங்கிய திரைச் சேவை) வழியாக வாலன்டினையே ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். அவர் 2009இல் இறந்துபோனார். ஆசிரியர் பக்கத்தில் இருந்து தலையாட்டினால்தான் நகரும் புதிரை நான் பாதிப் புதிர் என்றே சொல்வேன்.

முயலுக்கும் கறை உண்டு. அதை எடுத்தவர் புதிரை அவிழ்த்து எடுக்கவில்லை. வில்லியம்ஸின் முன்னாள் தோழி மூலம் கசிந்த தகவல் என்று 1988இல் அம்பலமானது. முறையாக விடை கண்ட இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் அதே இடத்தைத் தோண்டியும் மண்ணோடு மண்ணாக அதைத் தவறவிட்டார்கள். பாவம். ஆனால் அது ஆட்களின் குற்றம், புதிரின் குற்றமில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன், "சரி, இரண்டையும் விடு, நம்ம பக்கத்துத் தீவைப் பார்" என்று லா பூஸின் சங்கேத ஓலை நகலை எடுத்தார். 1730இல் ரெயூனியனின் செயின்ட் பாலில் தூக்கிலிடப்பட்ட கடற்கொள்ளையன், சாகுமுன் கூட்டத்தில் வீசியதாகக் கதை. குறிகளை எழுத்தாக மாற்றும் சாவி இருக்கிறது. மாற்றினால் பிழை மலிந்த பிரெஞ்சில் ஒரு ஜோடிப் புறாவைப் பற்றி ஏதோ வருகிறது. விடை என்று ஒன்று இருக்கிறதா என்பதற்கே உத்தரவாதம் தர அங்கே ஆளில்லை. மூன்று மாதமாக அண்ணன் இன்னும் புறாவைத் தாண்டவில்லை.