யு.எஸ்.பி. கேசட் கன்வெர்ட்டர்: பேச்சுக்கு பாஸ், நாகஸ்வரத்துக்கு ஃபெயில்

பரணில் ஷூ பெட்டி நிறைய கேசட் வைத்திருப்பவர்கள் இணையக் கடைகளில் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்கள். வாக்மேன் அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஓரத்தில் யு.எஸ்.பி. துளை, அட்டைப் பெட்டியின் மேல் ‘கேசட்டை எம்பி3 ஆக்கலாம்’ என்ற வாக்குறுதி. விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி. ஒரே அச்சில் வார்த்ததைப் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் பிராண்டு பெயரைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. எந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும்.

வகை இரண்டு. ஒன்று கம்ப்யூட்டரோடு இணைத்துப் பதிவு செய்வது. மற்றொன்று பென் டிரைவைச் செருகினால் தானே எம்பி3 ஆக எழுதிவிடுவது. இரண்டாவதுதான் சுலபம், ஆனால் அதை வாங்காதீர்கள். பெரும்பாலும் 128 கே.பி.பி.எஸ். தரத்தில்தான் எழுதும், அதை மாற்ற வழியில்லை. 64 ஜி.பி. பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வருவதால் பல மாடல்கள் அவற்றை அடையாளமே காணாது, 32 ஜி.பி.க்குள், ஃபேட்32 ஆக இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை, நிசப்தம் வந்தால் பாட்டு முடிந்தது என்று நினைத்து அடுத்த ஃபைலைத் தொடங்கும் வசதி. பல்லவி முடிந்து எல்லா வாத்தியமும் ஒரு கணம் நின்று, பிறகு வயலின்கள் எழும் இடம் நம் சினிமாப் பாட்டில் எத்தனை! அங்கெல்லாம் பாட்டு இரண்டாக வெட்டுப்படும். கச்சேரிப் பதிவு என்றால் தனி ஆவர்த்தனம் துண்டு துண்டாகும்.

வாங்கும் முன் எதை மாற்றப் போகிறீர்கள் என்று பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. அன்னக்கிளி (1976) வந்த காலத்திலிருந்து ரோஜா (1992) வந்த காலம் வரை, ஏ பக்கம் ஒரு படமும் பி பக்கம் இன்னொரு படமுமாக வாங்கிய கம்பெனி கேசட்டுகளில் பெரும்பாலான பாட்டு இன்று ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது, கேசட்டைவிடத் தெளிவாகவே. அவற்றுக்காக இந்த டப்பாவும் வேண்டாம், ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரமும் வேண்டாம். வேறெங்கும் கிடைக்காதவை மட்டும் இந்த உழைப்புக்குத் தகுதி: இலங்கை வானொலியிலிருந்து டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) பிடித்த ‘பாட்டுக்குப் பாட்டு’, கே.எஸ். ராஜாவின் மின்னல் வேக அறிவிப்புகள், உள்ளூர் மெல்லிசைக் குழுவின் கோயில் கச்சேரி, கல்யாண வீட்டு நாகஸ்வரம், தாத்தா குரல். இந்த இயந்திரம் இவற்றில் பாதியை நன்றாகச் செய்கிறது, மீதிப் பாதியைக் கெடுக்கிறது.

காரணம் ஃபிளைவீல். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், மாறாமல் ஓட வேண்டும். டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டோடு சேர்ந்த கனமான சக்கரமான ஃபிளைவீல்தான் அந்தச் சீர்மையைக் காக்கிறது. நல்ல டெக்கில் (வீட்டு ஸ்டீரியோவோடு இணைக்கும் பெரிய கேசட் பிளேயரில்) அது கணிசமான எடையுள்ள உலோகம். இந்த டப்பாவில் சின்னதாக, லேசாக இருக்கிறது. மோட்டாரும் மலிவு, பெல்ட் நூல் போல மெல்லியது. நல்ல டெக்கில் வேக அசைவு 0.1 சதவீதத்துக்குக் கீழே நிற்கும், இங்கே 0.3 சதவீதத்தை ஒட்டிப் போகும். எண்ணாகப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் நாகஸ்வரத்தில் ஒரு நீண்ட கார்வை வரட்டும், வீணையில் தந்தி அடங்கட்டும், புல்லாங்குழல் ஒரே ஸ்வரத்தில் நிற்கட்டும்: வாசிப்பவருக்குக் கை நடுங்குவது போலக் கேட்கும். அறிவிப்பாளர் பேசும்போது அதே அசைவு காதில் படாது. சிற்றலை வானொலிப் பதிவில் உச்ச ஒலிகளும் கிடையாது, ஸ்டீரியோவும் கிடையாது. இந்த மெக்கானிசத்தின் குறைகள் எல்லாம் அங்கே ஒளிந்துகொள்கின்றன. ஆகவே வானொலி, பேச்சு, பட்டிமன்றம், கதைவசனம், வீட்டுக் குரல்கள் என்றால் தைரியமாக வாங்கலாம்.

டப்பாவை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் இந்த மதிப்பெண்கூடக் கிடைக்காது. முதலில் ஹெட் அலைன்மென்ட், அதாவது டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டின் கோணம். டேப்பின் அகலமே 3.81 மில்லிமீட்டர், அதில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் டேப்பில் ஐந்து மைக்ரானுக்கும் குறைவு. ஹெட் ஒரு டிகிரியில் சிறு பங்கு சாய்ந்திருந்தாலும் அந்த ஒலி அழிந்துபோகும். ‘கேசட் பழசாகி மங்கிவிட்டது’ என்று ஒதுக்குபவற்றில் பல, உண்மையில் மங்காதவை, ஹெட்தான் கோணல். புது இயந்திரங்கள் ஃபேக்டரியிலிருந்தே கோணலாக வருவது சகஜம்.

ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகு இருக்கும். ஸ்பிரிங் உள்ளது எதுவோ அதைத்தான் தொட வேண்டும். மேலே பெயின்ட் பொட்டு வைத்து அடைத்திருந்தால் ஊசி முனையால் சுரண்டி எடுக்கலாம். கேசட் ஓடும்போதே ஹெட்போனில் கேட்டபடி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கால் திருப்பத்துக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். காது வைக்க வேண்டியது ‘ச’, ‘ஸ’ ஒலிகளிலும் ஹை-ஹாட்டிலும் ஜால்ராவிலும். அவை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். மோனோவில் கேட்டால் இது இன்னும் எளிது: கோணலாக இருக்கும்போது இரண்டு சேனலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும், சரியான இடத்தில் சட்டென்று திறக்கும். ஒருமுறை செய்தால் போதாது. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது ஒரு கோணம், மாமா வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்தது வேறு கோணம். கேசட்டுக்குக் கேசட், சில சமயம் பக்கத்துக்குப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். காந்தம் ஏறிய ஸ்க்ரூடிரைவரை ஹெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது வேகம். ஒரு ஸ்வரஸ்தானம் ஏற வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட வேண்டும். 3 சதவீதம் கூடினாலே பாடகரின் குரல் இளைத்துத் தெரியும். டெஸ்ட் கேசட் இருந்தால் நல்லது. அதில் 3,000 அல்லது 3,150 ஹெர்ட்ஸ் ஒலி இருக்கும், போனில் உள்ள ட்யூனர் ஆப்பில் அந்த எண் வருகிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் கம்பெனி கேசட் ஒன்றைப் போட்டு, அதே பாட்டை ஸ்ட்ரீமிங்கில் கேட்டு, சுருதியை ஒப்பிடுங்கள். ஒரே பாட்டை வைத்து முடிவு கட்டாமல் வெவ்வேறு கம்பெனிகளின் மூன்று பாட்டாவது பாருங்கள், ஏனென்றால் டிஜிட்டலுக்கு மாற்றியவர்களும் சில பாட்டைத் தவறான சுருதியில் மாற்றியிருக்கிறார்கள். பல மோட்டார்களின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே வேகத்தைச் சரிசெய்யும் திருகு. பிளாஸ்டிக் முனையுள்ள ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்பினாலே போதும். வீட்டில் பதிந்த கேசட் என்றால் பதிந்த இயந்திரத்தின் வேகமே தவறாக இருந்திருக்கலாம், அதைப் பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த சாஃப்ட்வேரில் திருத்திக்கொள்வதுதான் வழி. அங்கே ‘ஸ்பீட்’ மாற்ற வேண்டும், ‘டெம்போ’ அல்ல. டெம்போவை மாற்றினால் சுருதி அப்படியே நிற்கும்.

கேசட்டை உள்ளே தள்ளும் முன் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. நம்மூர் ஈரப்பதத்தில், கடலோர வீடுகளில், இது மிக அதிகம். பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் பொடி ஹெட்டில் அப்பி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான துணி மடிப்புக்குள் டேப்பை ஓடவிட்டுக் கையாலேயே ஒருமுறை சுற்றி எடுக்க வேண்டும். ஹெட்டுக்கு எதிரே சின்னச் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும். அதற்கு ஹெட்டைக் குறை சொல்லாமல், டேப்பை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். ஐந்து திருகு உள்ள கூடு என்றால் ஐந்து நிமிட வேலை. திருகில்லாமல் ஒட்டிய கூடு என்றால் பிளேடால் விளிம்பைப் பிளக்க வேண்டும், அந்தக் கூடு மறுபடி உதவாது. அறுந்த டேப்பை ஒட்டச் செலோடேப் கூடாது: பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ளைசிங் டேப் என்றே விற்கிறார்கள்.

பல வருடம் அசையாமல் கிடந்த கேசட்டை முதலில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் சுற்றிவிட்ட பிறகே ‘பிளே’ அழுத்துங்கள். இந்த டப்பாவின் ஃபாஸ்ட் ஃபார்வர்டை நம்ப வேண்டாம். சுருள் இறுகியிருந்தால் பெல்ட் நழுவும், டேப் ரோலரில் சிக்கும். ரெனால்ட்ஸ் பேனாவால் சுற்றுவது இன்றும் செல்லும் முறைதான். 90 நிமிடக் கேசட்டில் டேப் 60 நிமிடக் கேசட்டைவிட மெல்லியது, 120 நிமிடக் கேசட்டில் அதைவிட மெல்லியது; அந்த 120-ஐ இந்த இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். பக்கம் மாற்றும்போதெல்லாம் ஹெட்டையும் ரோலரையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் காப்பி நிறம் வருவது நின்றால்தான் சுத்தம்.

கம்ப்யூட்டர் பக்கம் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் இந்த டப்பாவை மைக் என்று நினைத்து, சில சமயம் ஒற்றைச் சேனலாக எடுத்துக்கொள்ளும். சவுண்ட் செட்டிங்கில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய் 2 சேனல், 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் என்று வைத்து, மைக்குக்கான ‘என்ஹான்ஸ்மென்ட்’ அத்தனையையும் அணைத்துவிடுங்கள். பல மாடல்களில் ஒலியளவுச் சக்கரம்தான் பதிவின் அளவையும் தீர்மானிக்கிறது. பாதியில் வைத்துத் தொடங்கி, மிகச் சத்தமான இடத்தில் மைனஸ் 6 டெசிபெல் வரும்படி பாருங்கள். அலைகளின் தலை வெட்டியது போலத் தட்டையாக இருந்தால் சக்கரத்தைக் குறைப்பதுதான் வழி, பதிந்த பிறகு சாஃப்ட்வேரில் குறைத்துப் பயனில்லை. லேப்டாப் சார்ஜரின் ரீங்காரம் கேட்டால் பதிவு முடியும்வரை சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பதிவு வேவ் ஃபைலாக இருக்கட்டும்; 60 நிமிடத்துக்குச் சுமார் 600 எம்.பி. ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு பொருட்டல்ல. எம்பி3 நகலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கூட வரும் சி.டி.யில் உள்ள சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம், ஆடாசிட்டி இலவசம்.

இரைச்சல் நீக்கத்தில் பேராசை கூடாது. பாட்டு தொடங்கும் முன் உள்ள இரண்டு விநாடி வெறும் இரைச்சலை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபெல் அளவுக்குக் குறைத்தால் போதும். 15, 20 என்று போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும், வயலின் வில் உரசுவது காணாமல் போகும். கொஞ்சம் ‘ஸ்ஸ்’ இருந்துவிட்டுப் போகட்டும். டால்பி (இரைச்சலைக் குறைக்கும் பதிவு முறை) முத்திரை உள்ள கேசட் என்றால் ஒலி சற்றுக் கூசும். இந்த டப்பாவில் டால்பி கிடையாது, ட்ரெபிளை லேசாகக் குறைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

நாகஸ்வரமும் மெல்லிசைக் கச்சேரியும் உங்கள் பெட்டியில் அதிகம் என்றால் அதே பணத்தைப் பழைய டெக் ஒன்றில் போடுங்கள், லைன்-அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் துளை) உள்ளதாக. பெல்ட்டும் ரோலரும் மாற்ற வேண்டியிருக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய் அளவு காட்டி வாங்கலாம். டெக்கிலிருந்து லேப்டாப்பின் ஒற்றை ஹெட்செட் துளைக்கு வயர் இழுத்தால் மோனோவாகத்தான் வரும், ஏனென்றால் அது மைக் துளை. லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தனியாக வாங்க வேண்டும். மொத்தச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும், இடமும் அடைக்கும். ஆனால் ஒரே பிரதியாக உள்ள கேசட்டை இந்த டப்பாவில் சிக்க வைத்துக் கசக்குவதைவிட அது மலிவு.

வானொலிக் கேசட்டுகளுக்காக டப்பாவை வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். கம்பெனி வீணைக் கேசட் ஒன்றை, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடியதை, பத்து நிமிடம் பதியுங்கள். நடுக்கம் லேசாக இருக்கும், அது எதிர்பார்த்ததே. அலை போல ஏறி இறங்கினால் பெல்ட் கோளாறு, திருப்பி அனுப்புங்கள். பிறகு ஸ்டீரியோ பாட்டு ஒன்றைப் பதிந்து, ஆடாசிட்டியில் இரண்டு சேனலையும் பிரித்து, ஒன்றை ‘இன்வர்ட்’ செய்து, மறுபடி ஒன்றாகக் கலந்து பாருங்கள். முழு நிசப்தம் வந்தால், விண்டோஸ் செட்டிங்கை இன்னொரு முறை சரிபார்த்த பிறகும் அப்படியே வந்தால், ஸ்டீரியோ என்று எழுதி மோனோவைக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் திருப்பி அனுப்பலாம்.