“அதெல்லாம் இல்லை அம்மா” என்று வாசலிலேயே பதில் சொல்லும் உணவகங்கள்: ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு வெளியே சாப்பிடப் போகும் பெற்றோர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வீட்டருகே, எப்போதும் குடும்பங்கள் நிறைந்திருக்கும் ஒரு சிறிய உணவகத்தில் கிடைத்த பொறுப்பற்ற பதில் ஒன்று, எங்களை இரவோடு இரவாக அவசரச் சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தியது.

என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அதிலுள்ள புரதத்தை அவன் உடல் பகையாக எண்ணித் தாக்கத் தொடங்கிவிடும். தொண்டை வீங்கலாம், மூச்சுக்குழாய் சுருங்கலாம், இரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். இதற்குச் சிறு துளியே போதும். அதனால் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் மெனுவைத் திறப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி இதுதான்.

அன்றும் கேட்டேன். “பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாது தம்பி. இவன் சாப்பிடப் போவதில் அது இருக்கிறதா என்று உள்ளே கேட்டுச் சொல்லுங்கள்” என்றேன். பரிமாற வந்த இளைஞர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் இல்லை அம்மா” என்றார். நான் மறுபடியும் கேட்டேன். “நாங்கள் போடுவதே இல்லை” என்றார்.

அவனுக்கு வந்த வறுவலில் நிலக்கடலை இல்லை, உண்மைதான். அதனுடன் ஒரு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வைத்த சாஸில் அரைத்துச் சேர்த்திருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் “நாக்கு அரிக்கிறது” என்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கழுத்தில் சிவந்த தடிப்புகள் கிளம்பின, பிறகு விடாத இருமல். கைப்பையில் எப்போதும் இருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டேன். என் கணவர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

அந்த நேரத்தில் மேலாளர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “ஒரு கரண்டிதானே அம்மா, தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்” என்றார். மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதுதான் அவருக்குக் கவலை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பில் வந்துவிட்டது, நாங்கள் தொடாத பதார்த்தங்களையும் சேர்த்து.

மகன் இப்போது நலமாக இருக்கிறான். மூச்சு சீரான பிறகும் மருத்துவர்கள் அவனைப் பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கலாம் என்பதால், சற்றுத் தெளிந்தவுடன் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

பிறகு என் கணவர் உணவகத்துக்குப் போய்ச் சமையல்காரரிடம் பேசினார். அந்தச் சாஸில் ஆரம்பத்திலிருந்தே நிலக்கடலை சேர்ப்பது வழக்கமாம். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவர் வருந்தினார். பரிமாறிய இளைஞர் வேலைக்குப் புதியவர். எதில் என்ன சேர்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாது என்று சொன்னால் திட்டு விழும் என்ற பயம் வேறு. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி நிறுத்தி வைத்திருக்கும் முதலாளி மீதுதான் கோபம். “நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை” என்று எங்கள் மீதே பழி போட்டவரும் அவர்தான்.

வாடிக்கையாளர் இப்படிக் கேட்பது அதிகப்படியானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உணவகங்களும் தங்கள் உணவில் இருக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்பது சட்டம். நிலக்கடலை அந்தப் பட்டியலில் உண்டு.

ஆகவே, பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டு வராமல் சொல்லும் “இல்லை”யை ஏற்காதீர்கள். முடிந்தால் சமையல்காரரிடமே பேசுங்கள். முக்கிய உணவைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்தாமல் சாஸ், மேலே தூவும் பொடி, பொரிக்கும் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடலை பொரித்த எண்ணெயிலேயே வேறொன்றைப் பொரித்தாலும் ஆபத்து இருக்கிறது, சூடு அந்தப் புரதத்தை அழித்துவிடாது. மேலே கிடப்பதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். “எனக்குத் தெரியாது, கேட்டு வருகிறேன்” என்று சொல்பவர் கிடைத்தால் அவரை நம்பி உட்காரலாம்.

இன்னொன்று, இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ வந்தால் அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது தடிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. அட்ரினலின்தான் முதல் மருந்து. நோயாளியை எழுந்து நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம்.

பில்லையும் மருத்துவமனை அறிக்கையையும் இணைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முதலாளியிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. எந்தப் பதார்த்தத்தில் என்னென்ன சேர்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பரிமாறுபவர்கள் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். இதை எழுதும்வரை அவர் அதைச் செய்யவில்லை. செய்யும்வரை, ஒவ்வாமை உள்ள யாரும் அங்கே போக வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.