பழைய பிரிட்டிஷ் ராணுவ லாரியை அடையாளம் காண இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படத் தளம் உதவுமா?

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் தன் புகைப்படச் சேகரிப்பின் ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்க வைத்திருக்கிறது. கையில் ஒரு பழைய படம் இருக்கிறது, அதில் நிற்பது என்ன வண்டி என்று தெரிய வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் முதலில் இங்கேதான் வருகிறார்கள். படங்களை நம்பலாம், பட்டியல் எண்ணை அதைவிடவும் நம்பலாம். படக்குறிப்பை மட்டும் வண்டி விஷயத்தில் நம்ப வேண்டாம்.

குறிப்புகளில் பல போர்க்காலத்திலேயே எழுதப்பட்டவை. எழுதியவருக்கு ஊரும் படைப்பிரிவும்தான் முக்கியம், பின்னால் நிற்பது வெறும் ‘லாரி’. பீரங்கி இழுக்கும் வண்டி என்றால் எல்லாமே ‘குவாட்’. அந்தப் பெயருக்குள் மோரிஸ் சி8 இருக்கலாம், கை (Guy) நிறுவனத்தின் குவாட்-ஆன்ட் இருக்கலாம், கனடாவில் செய்த ஷெவர்லேகூட இருக்கலாம். அதனால் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கொஞ்சம்தான் வரும். ‘மூன்று டன் லாரி’, ‘15 ஹண்ட்ரட்வெயிட் டிரக்’ என்று ராணுவம் சொன்ன பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் பல மடங்கு வரும். 15 ஹண்ட்ரட்வெயிட் என்பது சுமார் 760 கிலோ சுமை.

தளத்தின் உண்மையான பலம் பட எண்ணின் முன்னெழுத்து. ‘எஃப்’ என்றால் 1939-40 பிரான்ஸ், ‘ஹெச்’ பிரிட்டன் உள்நாடு, ‘ஈ’ எகிப்து, லிபியா பக்கம், ‘என்ஏ’ துனிசியாவும் இத்தாலியும், ‘பி’ நார்மண்டிக்குப் பிறகு வடமேற்கு ஐரோப்பா, ‘எஸ்ஈ’ பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா. ஒரே நாளில் ஒரே ஆள் எடுத்த படங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். ஒரு படத்தில் வண்டியின் முகம் மறைந்திருந்தால், எண்ணை ஒன்று கூட்டியும் குறைத்தும் தேடுங்கள். அதே வண்டி வேறு கோணத்தில் அகப்படுவது அபூர்வமல்ல.

தளத்துக்குப் போகுமுன் சொந்தப் படத்தைத் தயார் செய்வது அவசியம். 6×9 செ.மீ. தொடுபிரதி (நெகட்டிவ் அளவிலேயே போட்ட படம்) என்றால் 1200 டிபிஐ-யில், கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். அடுத்து ஸ்டியரிங்கைப் பாருங்கள். வலப்பக்கம் இல்லையென்றால் நெகட்டிவ் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். எழுத்துகளும் திரும்பியிருந்தால் சந்தேகமே இல்லை. அமெரிக்க வண்டியானால் ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

பிறகு வண்டி எண். போர்க்கால எண்ணின் முன்னெழுத்தே பாதி விடை: ‘எல்’ லாரி, ‘இசட்’ ஒரு டன் வரையிலான டிரக், ‘ஹெச்’ இழுவை வண்டி, ‘ஏ’ ஆம்புலன்ஸ், ‘எம்’ கார். இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம் என்று இருந்தால் அது 1949-இல் வந்த புதிய முறை. அப்படிப்பட்ட படத்தைப் போர்க்காலத் தொகுப்பில் தேடுவது வீண்வேலை.

எண் தெரியாவிட்டால் சக்கர அச்சுகளை எண்ணுங்கள், பிறகு கேபினைப் பாருங்கள். மூக்கு வைத்த லாரியா, இன்ஜின் மேலேயே ஓட்டுநர் உட்காரும் வண்டியா? அதிகம் தடுக்கி விழும் இடம் இரண்டாவது வகைதான். பெட்ஃபோர்டு கியூஎல், ஆஸ்டின் கே5, ஃபோர்டு டபிள்யூஓடி6 மூன்றும் மூன்று டன், மூன்றும் 4×4 (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை), எதிலும் நீண்ட பானெட் கிடையாது. கியூஎல் 1941 முதல் 1945 வரை 50,000-க்கு மேல் ஓடி வந்தது. அதனால் சந்தேகம் வந்தால் கியூஎல் என்று சொல்லிவிடுவது பலருக்கும் வழக்கம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் அது அடையாளம் காண்பதல்ல, பந்தயம் கட்டுவது. மூன்றுக்கும் நேர்முகப் படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று என ஆறு படங்களை இந்தத் தளத்திலிருந்து எடுத்து அருகருகே வைத்து, முன்கண்ணாடி, ரேடியேட்டர் முகப்பு, மட்கார்டின் வளைவு என்ற வரிசையில் ஒப்பிடுங்கள். முகப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். போர்க்களத்தில் அது கழன்றோ நெளிந்தோ போயிருக்கும்.

பெட்ஃபோர்டு எம்டபிள்யூ இவ்வளவு தொல்லை தராது. 15 ஹண்ட்ரட்வெயிட், அகலத் தட்டை பானெட். ஆரம்ப வண்டிகளில் கதவு இல்லை. முழுக் கண்ணாடிக்குப் பதில் மடக்கும் சிறு கண்ணாடிகள் இரண்டு. முழுக் கண்ணாடி 1943-இல்தான் வந்தது. எனவே முழுக் கண்ணாடியுள்ள எம்டபிள்யூ நிற்கும் படத்தை 1940 டன்கிர்க் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குடும்பப் படம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. மதராஸ் சாப்பர்கள் (ராணுவப் பொறியாளர் பிரிவு) வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இருந்தார்கள். இந்தியப் படைகளின் படத்தில் ‘பிரிட்டிஷ் லாரி’யாகத் தெரிவது கனடா வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கியும் கீழ்விளிம்பு உள்வாங்கியும் சாய்ந்திருந்தால் கனடாவின் 13-ஆம் எண் கேபின். முகப்பு வலை சதுரக் கண்ணியானால் ஃபோர்டு, டைமண்ட் கண்ணியானால் ஷெவர்லே. இந்த வேறுபாடு தெரிய நல்ல நுணுக்கம் வேண்டும், தளத்தின் இலவசப் படங்களோ பெரும்பாலும் 800 பிக்சல்தான். அருகில் நிற்கும் வண்டிக்குப் போதும். தூரத்து வண்டியில் கண்ணி கரைந்துவிடும்.

வண்டியில் தீட்டிய படைச் சின்னங்களைப் படிக்கும்போது ஃபிலிமையும் கணக்கில் எடுங்கள். அந்நாளில் சாதாரணக் கேமராவில் போட்ட வெரிக்ரோம் போன்ற ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக விழும். 5-ஆம் இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். அந்த ஃபிலிமில் அது வெறும் கறுப்புச் சதுரமாகவே தெரியும். பீரங்கிப் படையின் சிவப்பு-நீலச் சதுரத்தில் மேல்பாதி கறுத்து, கீழ்பாதி வெளுத்திருக்கும். இதைத் தெரியாமல் தளத்தின் படத்தோடு ஒப்பிட்டு ‘வேறு படைப்பிரிவு’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். பானெட்டிலோ கதவிலோ நேசநாட்டு வெள்ளை நட்சத்திரம் இருந்தால் படம் 1943-க்கு முந்தையதாக இருப்பது அரிது.

தளம் கைவிடும் இடம் வண்டியின் பின்பக்கம். படமெடுத்தவர்கள் முகத்தையும் பக்கத்தையும்தான் எடுத்தார்கள். உங்கள் படத்தில் பின்புறம் மட்டுமே தெரிந்தால், வெள்ளையடித்த பின் டிஃபரன்ஷியலும் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) அதன்மேல் ஒளி விழும் சின்ன விளக்கும் பிரிட்டிஷ் முறை கான்வாய் வண்டி என்பதைச் சொல்லும், மாடலைச் சொல்லாது. அதற்கு மறுபதிப்பாக விற்கும் ஓட்டுநர் கையேடுகளும் உதிரிபாகப் பட்டியல்களும்தான் வழி. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) படங்கள் அவற்றில் கிடைக்கும்.