ஒரே மேட்சா, ரெண்டு லெக்கா? வேர்ல்ட் கப் ப்ளேஆஃப்ல என் ஓட்டு

ராத்திரி முழிச்சு மேட்ச் பாக்குற எங்க வாட்ஸப் க்ரூப்ல போன வாரம் ஒரு ஓட்டெடுப்பு. ஃபுட்பால் வேர்ல்ட் கப் போக கடைசி சான்ஸா வைக்குற ஐரோப்பா ப்ளேஆஃப், இப்ப இருக்குற மாதிரி ஒரே மேட்ச்ல முடியுறது நல்லதா, இல்ல 2018 வேர்ல்ட் கப் வரைக்கும் இருந்த மாதிரி உன் ஊர்ல ஒண்ணு என் ஊர்ல ஒண்ணுன்னு ரெண்டு லெக் நல்லதா? நான் ரெண்டு லெக்குக்கு போட்டேன், அதுக்கு வாங்கின கிண்டல் கொஞ்ச நஞ்சமில்ல, அதான் இதை எழுதுறேன்.

ஒத்த மேட்ச்ல விறுவிறுப்பு ஜாஸ்தி, தேதியும் மிச்சம், அதுல சண்டையே இல்ல. ஃபர்ஸ்ட் லெக்னா பாதி நேரம் கொட்டாவிதான். 2017ல டென்மார்க் அயர்லாந்து கோபன்ஹேகன்ல 0-0ன்னு உருட்டிட்டு இருந்துச்சு, ஆனா அதே டென்மார்க் டப்ளின் போய் 5-1ன்னு பிரிச்சு மேஞ்சுச்சு, எரிக்சன் மட்டும் மூணு கோல்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது, அந்த ஒரு மேட்ச் யாரு ஊர்ல நடக்குது? ப்ளேஆஃப் செமிஃபைனலாச்சும் ரேங்க்ல மேல இருக்குறவனுக்கு ஹோம் கிரவுண்ட், அது அவன் சம்பாதிச்சது, ஓகே. ப்ளேஆஃப் ஃபைனல் யாரு ஊர்லன்னா அது குலுக்கல். திருவுளச்சீட்டு மாதிரி எடுத்து, வேர்ல்ட் கப் போறதுக்கான கடைசி மேட்சை ஒருத்தன் வீட்டு வாசல்ல கொண்டு போய் வைக்கிறாங்க. 2022ல மூணு ஃபைனல் நடந்துச்சு. கார்டிஃப்ல வேல்ஸ் 1-0 உக்ரைன், ஹோஷுஃப்ல போலந்து 2-0 ஸ்வீடன், போர்ட்டோல போர்ச்சுகல் 2-0 வட மாசிடோனியா. மூணுலயும் ஹோம் டீம், வந்தவன் ஒருத்தன் கூட ஒரு கோல் அடிக்கல. செமில வேல்ஸ் ஆஸ்ட்ரியாவை அடிச்சதும் கார்டிஃப்லதான், அதாவது வீட்டை விட்டு நகராம ரெண்டு மேட்ச் ஆடி 64 வருஷம் கழிச்சு வேர்ல்ட் கப் போயிட்டாங்க. ஃபைனல்ல வேல்ஸோட பேல் ஃப்ரீ கிக், உக்ரைன் யார்மொலென்கோ தலையில பட்டு சொந்த கோல், மழை வேற. (உக்ரைனுக்கு அப்ப போர் நடந்துட்டு இருந்துச்சு, ரெண்டு லெக் வச்சாலும் சொந்த ஊர்ல ஆடியிருக்க முடியாது, அதுவும் உண்மைதான்.)

இது கிரவுண்டோட வேலையா கூட்டத்தோட வேலையான்னு கேட்டா நான் கூட்டம்னுதான் சொல்வேன். நவம்பர் 2020ல யூரோவுக்கான (ஐரோப்பா நாடுகளோட கோப்பை) ப்ளேஆஃப் ஃபைனல் நாலு நடந்துச்சு, கொரோனா நேரம், ஸ்டேடியம்ல ஆளே இல்ல, பெல்ஃபாஸ்ட்ல பேருக்கு கொஞ்ச பேர். நாலுல மூணுல வெளியூர்க்காரன் ஜெயிச்சான்: ஸ்காட்லாந்து பெல்கிரேட்ல, ஸ்லோவாக்கியா பெல்ஃபாஸ்ட்ல, வட மாசிடோனியா திபிலிசில. புடாபெஸ்ட்ல ஹங்கேரி மட்டும் தப்பிச்சது, அதுவும் 88வது நிமிஷத்துல இருந்து ரெண்டு கோல் அடிச்சு. ஏழு மேட்ச்தான், இதை வச்சு சட்டம் எழுத முடியாதுன்னு தெரியும், 2024 யூரோ ப்ளேஆஃப் ஃபைனல்ல இதே கார்டிஃப்ல நிறைஞ்ச கூட்டத்துக்கு முன்னாடி போலந்து பெனால்டில வேல்ஸை அனுப்பி வச்சதும் ஞாபகம் இருக்கு.

எதிர் கோஷ்டி உடனே இத்தாலியை இழுக்கும். 2022 ப்ளேஆஃப் செமில சொந்த நாட்டு பலெர்மோல 30 ஷாட்டுக்கு மேல அடிச்சும் வட மாசிடோனியாகிட்ட 92வது நிமிஷத்துல போச்சே, ஹோம் கிரவுண்ட் என்ன கிழிச்சுதுன்னு. சரிதான், ஆனா அதுக்கு முன்னாடி 2017ல ரெண்டு லெக்ல ஸ்வீடன்கிட்டயும் ஒரு கோல் அடிக்க முடியாம வெளிய போன டீம் அது, எந்த முறையில வச்சாலும் தேறலன்னா அவங்களை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, விட்டுடுங்க.

எனக்கு புடிச்ச கேஸ் 2013. கீவ்ல உக்ரைன் 2-0ன்னு பிரான்சை போட்டுச்சு, இன்னைக்கு இருக்குற ரூல்னா அன்னைக்கே பிரான்ஸ் கதை முடிஞ்சது. நாலு நாள் கழிச்சு பாரீஸ்ல 3-0, முதல் கோலே டிஃபெண்டர் சாக்கோ. கீவ் கூட்டத்துக்கு முன்னாடி பிரான்சுக்கு கால் நடுங்குச்சு, பாரீஸ்ல உக்ரைனுக்கு நடுங்குச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சை.

ரெண்டு லெக்ல ஓட்டையே இல்லன்னு சொல்லல. ரெண்டாவது லெக் யாரு ஊரோ, எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் அவனுக்குதான். பிரான்சோட ஆன்ரி கையில தட்டி கல்லாஸ் அடிச்ச 2009 கோல் பாரீஸ்ல எக்ஸ்ட்ரா டைம்ல வந்ததுதான், பாவம் அயர்லாந்து. 2005ல உருகுவே ஆஸ்திரேலியா ஆளுக்கு ஒரு 1-0, பெனால்டி நடந்தது சிட்னில. ஆப்பிரிக்கா ப்ளேஆஃப் நான் முழுசா பாத்தது கம்மி, ஆனா 2022ல செனகல்ல பெனால்டி அடிக்க நின்ன எகிப்து சாலா மூஞ்சில அடிச்ச பச்சை லேசரை மறக்க முடியாது.

நடுநிலை மைதானம்னா ஒத்துக்குறேன். 2022ல ஆஸ்திரேலியா பெரு கத்தார்ல ஆடுனாங்க, 2025 நவம்பர்ல நைஜீரியாவும் டிஆர் காங்கோவும் மொராக்கோ ரபாத்ல 1-1 ஆடி பெனால்டில காங்கோ ஜெயிச்சுது, தோத்தவன் ஊரை குறை சொல்ல முடியாது. ஆனா ரசிகன் பாதிப் பேர் வர முடியாது, அந்த மேட்ச்க்கு ஒரு உப்பு கம்மிதான்.

ஓட்டு முடிவு 6-3, நாங்க தோத்துட்டோம். ரெண்டாவது லெக் வைங்கடான்னு கேட்டிருக்கேன், யாரும் பதில் போடல.