எட்டு மாடுல் போர்டும் கோத்தகிரி ஈரமும்

சுவிட்ச் எந்த கம்பெனி என்று கேட்பவர்கள்தான் அதிகம். சில மழைக்காலங்கள் பார்த்த பிறகு சொல்கிறேன்: ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள சுவிட்ச் எதுவும் ஓடிவிடும். போர்டு எந்தச் சுவரில் இருக்கிறது, பெட்டிக்குள் ஒயர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் வீடு கோத்தகிரியில் சரிவில் இருக்கிறது. காட்டெருமையும் கரடியும் இரவில் வாசல்வரை வந்து போகிற ஊர் இது. கதவைத் திறப்பதற்கு முன்னால் வெளியே வெளிச்சம் வேண்டும். அதனால் ஹால் விளக்குகள் இரண்டோடு வராண்டா, படிக்கட்டு, பின்வாசல், விறகுக் கொட்டகை என்று நான்கு விளக்குகளைச் சேர்த்து, பழைய மர போர்டைக் கழற்றிவிட்டு எட்டு மாடுல் பிளேட் (எட்டு சுவிட்ச் பொருத்த இடமுள்ளது) போட்டோம். ஆறு சுவிட்ச், இரண்டு இடம் டம்மி, அதாவது வெறும் மூடி. ஃபேன் ரெகுலேட்டருக்கு இடம் விட வேண்டிய தொல்லை இல்லை. இந்தக் குளிரில் ஃபேன் யாருக்கு வேண்டும்?

போர்டை வெளிச்சுவரில் வைக்காமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் வைத்ததுதான் எடுத்ததில் நல்ல முடிவு. கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். அக்டோபர், நவம்பரில் வெளிச்சுவர்கள் வேர்த்துக் கிடக்கும். அந்தச் சுவரில் புதைத்த இரும்புப் பெட்டி என்றால் திருகாணி துருப்பிடித்து, பிளேட்டைக் கழற்றுவதே பெரும்பாடு. எங்களுடையது பிவிசி பெட்டி, உள்சுவர்; கழற்றிப் பார்த்தால் இன்றும் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. வெளியிலிருந்து ஒயர் வரும் பைப்பை வெளிப்பக்கம் சாய்வாக இறக்கி, சுவர் ஓட்டையை சிலிக்கானால் அடைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் பைப் வழியாகவே தண்ணீர் பெட்டிக்குள் வந்து சேரும்.

இணைப்பு பெரிய வித்தை இல்லை. கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் முதல் சுவிட்ச்சுக்கு வந்து, அங்கிருந்து லூப்பாக அடுத்தடுத்த சுவிட்ச்சுக்குப் போகும். ஒவ்வொரு சுவிட்ச்சின் மறுமுனையிலிருந்தும் அதனதன் விளக்குக்குத் தனி ஒயர். கரண்ட் திரும்பும் ஒயரான நியூட்ரல், சுவிட்ச்சைத் தொடாமல் நேராக விளக்குகளுக்குப் போகும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் கதி என்ன? எல்இடி பல்பு அணைத்த பின்னும் மங்கலாக மினுங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அணைந்திருக்கும்போது சிவப்பாக எரியும் குட்டி நியான் உள்ள சுவிட்ச்சாலும் அந்த மினுங்கல் வரும். அதனாலேயே அந்த வகையை வாங்கவில்லை.

லோடு ஒன்றும் பிரமாதமில்லை. 9 வாட் பல்பு ஆறு சேர்ந்தாலும் 54 வாட், 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட வராது. 6 ஆம்பியர் சுவிட்ச்சும் 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரும் தாராளம். ஆனால் கீஸர், ஹீட்டர் எதையும் இந்த லைனில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்குத் தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), தனித் தடித்த ஒயர்.

சிக்கலான இடம் இன்வெர்ட்டர். காற்றடித்து மரம் விழுந்தால் இங்கே கரண்ட் திரும்ப நேரமாகும், அதனால் வெளி விளக்குகள் இன்வெர்ட்டரில் எரிய வேண்டும். வயரிங் செய்த தம்பி பெட்டியைப் பார்த்ததுமே, "அண்ணா, எல்லாத்தையும் ஒரே லூப்பா போட வேண்டாம், இன்வெர்ட்டர் லைனைத் தனியா பிரிச்சிருவோம்" என்றார். வெளி விளக்கு நான்கும் ஒரு லூப், ஹால் விளக்கு இரண்டும் இன்னொன்று. இரண்டின் நியூட்ரலையும் கலக்கவில்லை. கலந்தால், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, பலர் மறப்பது: மெயினை அணைத்தால் மட்டும் இந்த போர்டு செத்துவிடாது. இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளேட்டில் கை வைக்க வேண்டும். இரண்டு லைன் வரும் பெட்டி என்பதால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே என் கட்சி.

படிக்கட்டு விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டூ-வே சுவிட்ச். செலவில் சிறியது, தினமும் கை போவது அதில்தான். வெளி விளக்குகள் எல்லாம் ஐபி 65 (தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் உள்ளே போகாத தரம்), மஞ்சள் வெளிச்சம். வெள்ளை வெளிச்சம் மூடுபனியில் பட்டால் எங்கள் கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிடுகிறது, படி தெரிவதில்லை. பூச்சியும் மஞ்சளுக்குக் குறைவாகவே வருகிறது.

குறை என்றால், பின்வாசல் சுவிட்ச் இறுகிப்போய் அழுத்தினால் பாதியில் நின்றது. பிளேட்டை எடுத்து அந்த ஒன்றை மட்டும் தள்ளி வெளியே எடுத்து மாற்றியாயிற்று. மாடுலரின் லாபம் அதுதான். புதியது பளிச்சென்று வெள்ளை, மற்றவை லேசாக மஞ்சள் தட்டியிருக்கின்றன, பார்க்க ஒட்டவில்லை. வாங்கும்போதே அதே சீரிஸில் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. முதல் வருஷம் முடிந்ததும் எல்லா முனைத் திருகுகளையும் ஒரு முறை இறுக்கியது வீண் வேலை இல்லை. இரண்டு லூசாகத்தான் இருந்தன.

டம்மி இடம் ஒன்று கேட் விளக்குக்குப் போகப்போகிறது. ஏப்ரல், மே இடிமழைக்கு முன்னால் சரிவில் பைப் புதைத்துவிட வேண்டும்.